ஓட்டோ மீன் வாங்கும் முன் வயிற்றைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பாசி தின்னும் மீன் கேட்டால் முதலில் சக்கர் மீனைத்தான் காட்டுவார்கள். குட்டியில் விரல் நீளம்தான். ஆனால் சாதாரண சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும், வீட்டுத் தொட்டி தாங்காது. இரண்டடித் தொட்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ஓட்டோ (ஓட்டோசின்க்ளஸ்) என்ற பாசி தின்னும் சின்ன மீன். தென்னமெரிக்க ஆறுகளின் மீன், முழு வளர்ச்சியில் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது, செடியைக் கடிக்காது, குட்டி மீன்களைத் தொடாது.

ஓட்டோ பெரும்பாலும் ஆற்றில் பிடிக்கப்பட்டு, வழியெல்லாம் பட்டினி கிடந்து கடைக்கு வருகிறது. வீட்டுக்கு வந்த சில நாளில் சாவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பட்டினிதான். அதனால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிறு வெள்ளையாக, லேசாக உப்பியிருக்க வேண்டும். உள்ளே குழிந்திருந்தால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சரக்கு நேற்றுத்தான் வந்தது என்றால் ஒரு வாரம் பொறுத்துப் போங்கள். கூட்டமாக வாழும் மீன், ஆறு வாங்குங்கள்.

புதுத் தொட்டியில் விடவே கூடாது. சில மாதம் ஓடி, கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்த தொட்டிதான் அதற்குச் சாப்பாடு. பிரஷ் மாதிரி நிற்கும் கறுப்புப் பாசியை அது தொடாது, அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பாசி தீர்ந்ததும் வேறு தீனி கட்டாயம் தேவை. வெள்ளரித் துண்டை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு, ஆறியதும் ஸ்பூனில் குத்தி, இரவு விளக்கணைத்த பிறகு போடுங்கள். முதல் சில நாள் சீண்டாது, பரவாயில்லை, தொடர்ந்து வையுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம், தெருவில் உதிரும் நாட்டு வாதுமைச் சருகு. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, கழுவிப் போட்டால் அதில் படியும் வழுவழுப்பை ஓட்டோ நாள் முழுக்க மேயும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதை நான் தொட்டிக்கு ஊற்றுவதே இல்லை. மெட்ரோ தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டுப் பயன்படுத்துகிறேன். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். ஆவியான தண்ணீரை ஈடுகட்ட கேன் தண்ணீர், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். புது மீனை விடும்போது ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை மீன் இருக்கும் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலக்க விடுங்கள்.

இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய சூடு அதற்குச் சுகம். நம் ஊர் கத்திரி வெயிலில் முப்பதைச் சாதாரணமாகத் தாண்டும். மூடியைத் திறந்து தண்ணீர் மேல் சின்ன ஃபேனைத் திருப்பி வையுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள். ஓட்டோ எப்போதாவது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும், அது அதன் இயல்பு. எல்லாமே திரும்பத் திரும்ப ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, உடனே கவனியுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். வேறு மீனுக்கு நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள், நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.