உறுப்புக்கொடை: உங்கள் விருப்பத்தை வீட்டாரின் ஊகத்துக்கு விடாதீர்கள்

ஸ்பெயினில் 1979-லிருந்து, வேண்டாம் என்று சொல்லாமல் இறந்தவர் உறுப்புக்கொடைக்குச் சம்மதித்தவராகவே சட்டத்தில் கருதப்படுகிறார். வேல்ஸில் 2015-லும் இங்கிலாந்தில் 2020-லும் இதே முறை வந்தது. ஆனாலும் ஸ்பெயினில் குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. நமது 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமோ கேட்டுத்தான் எடுக்கச் சொல்கிறது. அதுவே சரி. இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாத உசிலம்பட்டி விவசாயியின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

தர விரும்புகிறவர் 18 வயது நிரம்பியிருந்தால் உறுப்புக்கொடை உறுதிமொழிக்கான படிவம் 7-ஐ நிரப்பலாம். ஆதார் வழியாக இணையத்திலும் பதியலாம். எழுதிக் கொடுப்பதானால் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவராவது நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே அந்தப் பட்டியலில் உண்டு. தாய்மாமன் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஒரு வார்த்தை மறுத்தால் நம்மூரில் காரியம் நின்றுவிடும். அவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் தடுமாற்றம் வருவது மூளைச்சாவில்தான், அதாவது மூளை மீளவே முடியாமல் செயலிழந்து, கருவியால் மட்டும் மூச்சு ஓடும் நிலையில். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும், கை வெதுவெதுப்பாக இருக்கும். "உசுரு இருக்கே" என்றுதான் யாருக்கும் தோன்றும். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரை நிறுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய பிறகும் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்தவர் இதில் இருக்கக் கூடாது. இரண்டு சோதனையின் முடிவையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வீட்டார் சம்மதம் தரும் படிவம் 8-இல் கையெழுத்திடுங்கள். உறுப்பை எடுக்கும் செலவு உங்களைச் சேராது. பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

நான்குவழிச்சாலை விபத்து என்றால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. ஸ்டேஷனுக்கு உடனே சொல்லுங்கள். அங்கே தாமதமானால் உறுப்புகள் வீணாகும்.

கண்ணுக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இறந்தாலும் 6 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையை உயர்த்திவிட்டுக் கண்வங்கிக்குப் போன் செய்யுங்கள்.

வேண்டாம் என்பவரும் எழுதி வையுங்கள். எதுவும் சொல்லாமல் இறந்தால், நமது சட்டப்படி வீட்டார் சம்மதம் கொடுக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் தேதியும் கையெழுத்தும் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். பீரோ லாக்கரில் பூட்டினால் அந்த நேரத்தில் யார் கையிலும் கிடைக்காது.