துகள்களின் இயக்கத்தைச் செய்து காணும் முறை

ஒரு பொருள் திடமாக இருந்தாலும் திரவமாகவோ வாயுவாகவோ மாறினாலும் அதன் துகள்கள் அவையேதான். அவற்றுக்கு இடையிலான தொலைவும் நகர்வதற்கான இடமும் மட்டுமே மாறுகின்றன. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வதைவிடக் கையால் செய்து அறிவதே நல்லது.

ஊசி இல்லாத புதிய சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக அடைத்து, தண்டை அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும். விட்டதும் தானே பின்வாங்கும். அடுத்து, குமிழி எதுவும் தங்காமல் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசைய மறுக்கும். வாயு மூலக்கூறுகளுக்கு இடையே வெற்றிடம் மிகுதி என்பதற்கு இது நேரடியான சான்று. கொதிநிலையில் நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

திடநிலைக்கு, நொறுக்கிய பனிக்கட்டியுடன் சிறிது தண்ணீர் சேர்த்து, கலக்கிக்கொண்டே வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். கட்டி உருகி முடியும்வரை அது 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஏனெனில், உள்ளே வரும் வெப்பம், இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்த மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. பனிக்கட்டி மிதப்பதைக் கண்டு எல்லாத் திடப்பொருள்களும் தம் திரவத்தில் மிதக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை மூழ்கவே செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது பால் சோதனை. ஒரு தேக்கரண்டி நீரில் ஒரு சொட்டுப் பாலைக் கலந்து, அதில் ஒரு துளியை கண்ணாடி ஸ்லைடில் வைத்துக் கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, விளிம்புகளில் வாசலின் தடவி, நுண்ணோக்கியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒளியைக் குறைத்தால் கொழுப்புத் துளிகள் தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் எல்லாத் துளிகளும் ஒரே திசையில் நகர்ந்தால் அது வெறும் நீரோட்டம். அது அடங்கும்வரை பொறுத்திருங்கள். அதன்பிறகும் சிறிய துளிகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், பெரியவை ஏறக்குறைய அசையாமல் இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் சமமின்றி மோதுவதே இந்த நடுக்கத்துக்குக் காரணம். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்களில் இதைக் கவனித்தார். 1905இல் ஐன்ஸ்டைன் கணித விளக்கம் தந்தார்.

ஒரே துளியின் இடத்தை 30 விநாடிகளுக்கு ஒருமுறை கட்டத்தாளில் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். ஒழுங்கற்ற, கோணல்மாணலான பாதை கிடைக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென் இவ்வாறே துகள்களின் இடங்களைக் குறித்து, ஐன்ஸ்டைனின் கணக்கைச் சரிபார்த்தார். 1926இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.