ரியர் வீல் டிரைவ் காரை டாலியில் இழுக்கிறீர்களா? முதலில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள்

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றும்போது, சாமான் ஏற்றிய வாடகை டிரக்கின் பின்னால் காரையும் மாட்டி இழுத்துப் போவது சகஜம். அதற்கு மலிவான வழி டோ டாலி. இரண்டே சக்கரம் உள்ள சின்ன வண்டி அது. காரின் முன்சக்கரங்கள் அதன் மேல் ஏறி உட்காரும், பின்சக்கரங்கள் ரோட்டில் உருண்டு வரும். கேம்ரி, சிவிக் மாதிரி ஃப்ரண்ட் வீல் டிரைவ் காருக்குக் கச்சிதம். மஸ்டாங், கிரவுன் விக்டோரியா, டூ வீல் டிரைவ் டகோமா போன்றவற்றில்தான் சிக்கல். இவை ரியர் வீல் டிரைவ்; ரோட்டில் உருளும் அந்தப் பின்சக்கரங்கள், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட தண்டின் வழியாகக் கியர் பாக்ஸோடு இணைந்திருக்கின்றன.

நியூட்ரலில் போட்டால் ஆச்சு என்று சொல்பவர்கள் நிறைய. ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் பக்கத்திலிருந்து டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வழியாக ஓடுவது. இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். ஆனால் பின்சக்கரம் உருள உருள டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் கியர் தொகுதி), ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் முனையில் கியர் பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் வராத புஷ்ஷும் கிளட்ச் பிளேட்டும் சூடேறிக் கருகும். பழைய ஓனர் மேனுவல்கள் சிலவற்றில் 35 மைல் வேகம், 50 மைல் தூரம் வரை இழுக்கலாம் என்று இருக்கும். பிரேக்டவுன் ஆன வண்டியை ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பதற்கான சலுகை அது, ஆயிரம் மைலுக்குச் செல்லாது.

மேனுவல் கியர் என்றாலும் தப்பிக்க முடியாது. பெரும்பாலான கியர் பாக்ஸ்களில், கீழே இருக்கும் கவுன்டர் ஷாஃப்ட் சுற்றும்போது வாரியடிக்கும் எண்ணெய்தான் மேலே உள்ள மெயின் ஷாஃப்ட்டை நனைக்கிறது. இன்ஜின் அணைந்து நியூட்ரலில் இருந்தால் கவுன்டர் ஷாஃப்ட் அசையாது, மெயின் ஷாஃப்ட் மட்டும் வறண்டு சுற்றும்.

எனவே நீண்ட தூரத்துக்கு இரண்டே வழி. நாலு சக்கரமும் மேலே ஏறும் கார் டிரெய்லரை எடுங்கள், அல்லது ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். இழுக்கும் வண்டிக்குத் தெம்பு இருந்தால் டிரெய்லரே மேல். வாடகையில் மிச்சம் பிடிக்கும் காசு, கியர் பாக்ஸ் பிரித்து வேலை பார்க்கும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் டிரக், டிரெய்லர் வாடகைக்கு விடும் யு-ஹால் கம்பெனியின் டிரெய்லர் காலியாகவே 2,210 பவுண்டு. அந்தக் கனம் தாங்காத வண்டிக்காரர்களுக்குத்தான் டாலி. யு-ஹாலும் ரியர் வீல் டிரைவ் காருக்கு ஷாஃப்ட்டைப் பிரித்தாக வேண்டும் என்றே சொல்கிறது.

காரைத் திருப்பி, பின்சக்கரங்களை டாலியில் ஏற்றினால் என்ன? வாடகைக் கம்பெனிகள் அனுமதிப்பதில்லை, காரணத்தோடுதான். இன்ஜின் கனம் முழுக்க டாலிக்கு வெகு பின்னால் தொங்கும்; வால் ஆடத் தொடங்கினால் அடக்குவது கஷ்டம். ரோட்டில் உருளும் முன்சக்கரங்களை நேராகப் பிடித்து வைக்கும் வேலை ஸ்டியரிங் பூட்டுக்கு வந்து சேரும். அது திருடனைத் தடுக்கச் செய்த பூட்டு.

ஏற்றுவதும் கழற்றுவதும்

இங்கே வரிசை முக்கியம். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கார் தானாக நகராது. பார்க்கில் போட்டாலும் நிற்காது, ஹேண்ட் பிரேக் மட்டுமே பிடிக்கும். அதனால் முதலில் ஏற்றுங்கள், பிறகு கழற்றுங்கள். முந்தைய நாளே ஷாஃப்ட்டின் பின்பக்க போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள்.

சமதளத்தில் டிரக்கும் டாலியும் காரும் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். மெதுவாக ஏற்றி, முன்சக்கரங்கள் தடுப்பில் முட்டியதும் நிறுத்துங்கள். பம்பர் தாழ்ந்த கார் என்றால் சாய்தளத்துக்கு முன்னால் பலகை போட வேண்டியிருக்கும். டயர் மேல் ஸ்ட்ராப்பை இழுத்து ராட்செட்டை இறுக்கி, டாலியின் சங்கிலியைக் காரின் ஃப்ரேமில் மாட்டுங்கள். டிரக்கின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாலி சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். அதன் பிறகே ஜாக்கி. பின் ஆக்ஸிலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் சேராவிட்டால் வைப்ரேஷன் வரலாம். நாலு போல்ட்டில் இரண்டுதான் கைக்கு எட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு அவற்றைத் தளர்த்தி, பிறகு பிரேக்கை விட்டு நியூட்ரலில் ஷாஃப்ட்டை அரைச் சுற்று திருப்பினால் மற்ற இரண்டும் வரும். ஃபிளாஞ்சுக்குப் பதில் ஜாயின்ட் கிராஸை (ஷாஃப்ட் முனை மூட்டின் சிலுவை வடிவத் துண்டு) பட்டையால் பிடித்திருக்கும் வண்டிகளில், பட்டை கழன்றதும் கிராஸின் முனைகளை மூடியிருக்கும் இரண்டு கப்புகளையும் டேப்பால் சுற்றிவிடுங்கள். கப் நழுவினால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் மண்ணில் சிதறும், அப்புறம் புது ஜாயின்ட்தான்.

பின்முனை கழன்றதும் ஷாஃப்ட்டைப் பின்னோக்கி உருவினால் முன்முனை கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும், கூடவே எண்ணெயும் வரும். தட்டு வையுங்கள். அந்த வாய்க்குச் சரியான அளவு பிளக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையை இரண்டு மடிப்பாகக் கவிழ்த்து ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கலாம். பின்முனையை மட்டும் விடுவித்து, ஷாஃப்ட்டைக் கம்பியால் மேலே கட்டி ஓட்டுபவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் அந்தக் கம்பி அறுந்து முனை ரோட்டில் விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தால் அந்தச் சோம்பேறித்தனம் வராது. முழுதாகக் கழற்றி, போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, டிரக்குக்குள் வையுங்கள். பிஎம்டபிள்யூவில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் பேரிங், முன்னால் ரப்பர் டிஸ்க். பல மாடல்களில் சைலன்சரையே இறக்க வேண்டும். அங்கே டிரெய்லருக்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டியரிங்கைப் பூட்டுவதா விடுவதா என்பது டாலியைப் பொறுத்தது. சக்கரம் உட்காரும் தட்டு சுழலும் வகை என்றால் பூட்ட வேண்டும், அசையாத தட்டு என்றால் விட வேண்டும். டாலியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

ரோட்டில்

கிளம்பும் முன் காரின் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இதை மறந்து பின் டயரைத் தேய்த்துத் தீர்த்தவர்கள் ஏராளம். எலக்ட்ரானிக் பிரேக் உள்ள கார்களில், இன்ஜினை அணைத்ததும் அது தானாகவே பிடித்துக்கொள்ளக்கூடும். பின்சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டாண்டை எடுங்கள். காரின் பின்னால் காந்த விளக்குகளை ஒட்டி, பிரேக்கும் இன்டிகேட்டரும் எரிகிறதா என்று இன்னொருவரை நிற்கவைத்துப் பாருங்கள்.

முதல் ஐந்து மைலில் ஓரங்கட்டி ஸ்ட்ராப்பை மறுபடி இறுக்குங்கள். டயர் படிந்து, கட்டாயம் தளர்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு 50 மைலுக்கும். யு-ஹால் வைக்கும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் சட்டமே அதுதான். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5 நெடுஞ்சாலையின் கிரேப்வைன் மாதிரி 6 சதவீத இறக்கங்களில், இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். டிரக்குக்கும் டாலிக்கும் நடுவே ஒரு மடிப்பு, டாலிக்கும் காருக்கும் நடுவே இன்னொன்று. சில அடிக்குள் கோணிக்கொண்டு டாலியின் ஃபெண்டர் காரில் இடிக்கும். பெட்ரோல் பங்க், ஓட்டல் எல்லாமே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி தேர்ந்தெடுங்கள். மூக்கு தூக்கிய காரின் சைலன்சர் பின்னால் தாழ்ந்திருக்கும், மேடான நுழைவாயில்களில் உரசும்.

ஊர் சேர்ந்ததும் காரை இறக்காதீர்கள். டாலியில் நிற்கும்போதே ஸ்டாண்ட் போட்டு, ஷாஃப்ட்டின் முன்முனையைத் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவி உள்ளே செருகி, பெயின்ட் கோட்டைச் சேர்த்து, போல்ட்டுகளுக்கு நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். வழிந்த எண்ணெய்க்கு ஈடாக அதே வகை எண்ணெயை ஊற்றி அளவு பார்த்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு மேனுவல் சொல்லும் முறையில் இன்னொரு முறை அளவு பாருங்கள்.