ஒரு மூட்டை சோடாவும் மறந்துபோன வேதியியலும்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். பிளஸ் டூவில் வேதியியலில் 200-க்கு 74. இனி ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று முடிவெடுத்தவனுக்குக் கிடைத்த வேலை இது.

ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் சாயத் தொட்டியில் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், லிட்டருக்கு 20 கிராம் போட்டிருந்தோம். மாதிரியில் 10 மில்லி எடுத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டு, 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்தேன், அதாவது நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். 37.7 மில்லி இறங்கியிருக்க வேண்டும். 32 மில்லியிலேயே நிறம் மாறிவிட்டது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 17 கிராம்தான். எடை போட்ட பையன் சத்தியம் செய்தான். தராசும் சரி. பிறகுதான் குடோனில் வாய் கட்டாமல் கிடந்த மூட்டையைப் பார்த்தேன். மாவு கட்டி தட்டியிருந்தது. காய்ந்த சோடாவின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 106 கிராம் (மோல் என்பது துகள்களை எண்ணும் கணக்கு, பின்னால் வருகிறது). ஒவ்வொரு பங்கு சோடாவும் ஒரு பங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் 18 கூடி 124. 20 கிராமை 124-ஆல் வகுத்தால் 0.161 மோல், அதற்கு வேண்டிய அமிலம் 32 மில்லி சொச்சம். எடை சரியாகவே இருந்தது, மோல்தான் குறைந்திருந்தது.

அந்த வருடம்தான் அக்கா மகள் பிளஸ் ஒன்னில் சேர்ந்து, முதல் பாடத்திலேயே முட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு வேதியியலே அவளுக்கு ஆட்டம் கண்டிருந்தது. பாடம் பாடமாக ஆரம்பித்தால் மூன்றாம் பாடத்தில் தூங்கிவிடுவாள் என்று தெரியும், நானே அப்படித் தூங்கியவன். அதனால் ஒரே பொருளை எடுத்து, அதை எல்லாப் பாடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் பொருள் இதே சோடா. நீங்களும் இதையே எடுக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், பள்ளிப் புத்தகம் போதும். புத்தகம் படிப்பதற்கு அல்ல, சந்தேகம் வந்தால் திறந்து பார்ப்பதற்கு.

முதல் நாள் வாய்பாடு மட்டும். சோடியம் இரண்டு, கார்பன் ஒன்று, ஆக்ஸிஜன் மூன்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏன் சோடியம் இரண்டு? கார்பனேட் அயனிக்கு எதிர்மின்சுமை இரண்டு, சோடியத்துக்கு நேர்மின்சுமை ஒன்று. இரண்டு சோடியம் வந்தால்தான் கணக்கு நேர்படும். இது புரிந்தால் கால்சியம் கார்பனேட்டில் ஏன் கால்சியம் ஒன்றே போதும் என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இங்கேயே பிணைப்பையும் முடித்துவிடலாம். சோடியத்துக்கும் கார்பனேட்டுக்கும் இடையே அயனிப் பிணைப்பு, கார்பனேட்டுக்குள் கார்பனும் ஆக்ஸிஜனும் எலக்ட்ரானைப் பங்கு போடுவது சகப்பிணைப்பு. இரண்டும் ஒரே மாவுக்குள் இருக்கின்றன. தனிம வரிசை அட்டவணையில் முதல் இருபது தனிமங்களை வரிசையாக எழுதத் தெரிந்தால் போதும். மீதியில் இரும்பு, தாமிரம், துத்தநாகம், வெள்ளி, மாங்கனீசு, அயோடின், பேரியம் என்று தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளலாம். 118-ஐயும் ஒப்பிக்கச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள்.

அடுத்த நான்கு நாட்களும் மோலுக்கு. இதில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே இடிக்கும். எங்கள் ஊரில் பட்டன் வியாபாரம் குரோஸ் கணக்கில் நடக்கும். ஒரு குரோஸ் 144. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் யாரும் உட்கார்ந்து எண்ண மாட்டார்கள், எடை போட்டுக் கொடுப்பார்கள். சட்டை பட்டன் ஒரு குரோஸ் எடை வேறு, கோட்டு பட்டன் ஒரு குரோஸ் எடை வேறு, எண்ணிக்கை மட்டும் அதே 144. மோலும் அதுதான், 144-க்குப் பதில் 6.022 × 10²³. 2019 மே 20 முதல் இந்த எண்ணையே வரையறையாக நிலைநிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அப்போ ஒரு குரோஸ் சோடா 106 கிராமுங்களா மாமா?" என்றாள். அவ்வளவுதான் கண்ணு என்றேன்.

106 எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் கையால் கூட்டுங்கள். சோடியம் இரண்டு 46, கார்பன் 12, ஆக்ஸிஜன் மூன்று 48. பிறகு தினமும் ஐந்து பொருளுக்கு இதைச் செய்யுங்கள்: கறியுப்பு 58.5, குளுக்கோஸ் 180, சுண்ணாம்புக்கல் 100, இப்படி. அதன்பின் கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து கிராம். எந்தக் கணக்கிலும் முதல் வரியில் "எத்தனை மோல்?" என்று எழுதும் பழக்கம் வரும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

சமன்பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும். சோடாவோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் கறியுப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. சோடியம் இரண்டு இருப்பதால் கறியுப்பு இரண்டு, அதற்குக் குளோரின் இரண்டு வேண்டும், ஆகவே அமிலம் இரண்டு. வாய்பாட்டுக்குள் இருக்கும் சின்ன எண்ணைத் தொட்டு மாற்றிச் சமன் செய்வது அக்கா மகளின் வழக்கம். அப்படி மாற்றினால் பொருளே வேறாகிவிடும். முன்னால் போடும் எண்ணில் மட்டும்தான் கை வைக்கலாம்.

கரைசலுக்கு வந்தால் பட்டறையின் ஜிபிஎல் (லிட்டருக்கு எத்தனை கிராம்) கணக்கும் புத்தகத்தின் மோலாரிட்டியும் (லிட்டருக்கு எத்தனை மோல்) ஒன்றுதான். லிட்டருக்கு 20 கிராமை 106-ஆல் வகுத்தால் 0.189 மோலார். கவனிக்க வேண்டியது ஒன்று: 20 கிராமைப் போட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி மொத்தத்தை ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்துவைத்து அதில் மாவைக் கொட்டக் கூடாது.

அமிலம், காரம் வீட்டிலேயே பார்க்கக் கூடியது. வெள்ளை வேட்டியில் குழம்புக் கறை பட்டு, சோப்பு போட்டதும் சிவப்பது எல்லோரும் பார்த்ததுதான். மஞ்சள் காரத்தில் சிவக்கும். சோடா கரைசலில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போடுங்கள், சிவக்கும். வினிகர் ஊற்றுங்கள், நுரைத்து மறுபடி மஞ்சளாகும். ஆனால் சோடாவின் வாய்பாட்டில் ஹைட்ராக்சைடு இல்லையே, காரத்தன்மை எங்கிருந்து வந்தது? கார்பனேட் அயனி தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ள, ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. எல்லா கார்பனேட்டும் பிடுங்குவதில்லை, கொஞ்சம்தான். அதனால்தான் சோடா தொட்டியில் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 11-ஐ ஒட்டி நிற்கிறது. அதே மோலாரிட்டியில் காஸ்டிக், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, போட்டால் 13-ஐத் தாண்டும். வலிமையான காரம், வலிமை குறைந்த காரம் என்று பள்ளியில் எழுதியதன் பொருள் எனக்கு பிஎச் மீட்டரின் முன்னால்தான் விளங்கியது.

டைட்ரேஷனில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. காய்ந்த சோடாவை லிட்டருக்கு 20 கிராம் போட்ட 10 மில்லி மாதிரியில் மெத்தில் ஆரஞ்சுக்குப் பதில் பீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டால், இளஞ்சிவப்பு 18.9 மில்லியிலேயே போய்விடும், 37.7-இல் சரியாகப் பாதி. அந்த இடத்தில் கார்பனேட் முழுதும் பைகார்பனேட்டாக மாறியிருக்கும், அவ்வளவுதான். மீதிப் பாதி அமிலம் பைகார்பனேட்டை முடிக்க. நிறங்காட்டி எதற்கு எதை விடுவது என்று நான் ஒப்பித்த அட்டவணை முழுவதும் இந்த ஒரு சோதனைக்குள் இருக்கிறது. பள்ளி லேபில் வாய்ப்புக் கிடைத்தால் ஆசிரியரிடம் கேட்டு இரண்டையும் செய்து பாருங்கள்.

வீழ்படிவுக்கு உப்புத் தண்ணி போதும். எங்கள் போர் தண்ணீரில் சோடா போட்டால் கலங்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம், சோடாவின் கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளையாக இறங்குகிறது.

சோடா ஒரு இடத்தில் கைவிடும்: ஆக்ஸிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது), ஒடுக்கம் (எலக்ட்ரானைப் பெறுவது). கார்பனேட்டில் கார்பனின் ஆக்ஸிஜனேற்ற எண் +4, அமிலம் ஊற்றி வெளியேறும் கார்பன் டை ஆக்சைடிலும் +4. எவ்வளவு நுரைத்தாலும் எலக்ட்ரான் கை மாறவில்லை. இதற்காக மட்டும் இரண்டாவது பொருளாக ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்தோம். அதில் ஆக்ஸிஜனின் எண் -1. தண்ணீராகப் போனால் -2, ஆக்ஸிஜன் வாயுவாகப் போனால் 0. துணியை வெளுக்கும்போது ஆக்ஸிஜனேற்றி. அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் முன்னால் ஒடுக்கி, ஊதா நிறம் மறையும். மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும், ஒரு பெராக்சைடு தருவது இரண்டு. எனவே இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெராக்சைடு. இதை நோட்டில் மட்டும் செய்யுங்கள். பட்டறைக்கு வரும் 50 சதவீத பெராக்சைடு ஒரு சொட்டு பட்டாலே தோல் வெளுத்து எரியும்.

கரிம வேதியியலுக்கு இந்த வழி உதவாது, அதற்கு வேறு பொருள் வேறு நோட்டு. எங்களுக்கு மேலே சொன்னதெல்லாம் முடிய மூன்று வாரம், தினமும் முக்கால் மணி நேரம் ஆனது.

முடித்துவிட்டோமா என்று பார்க்க அவளுக்கு நான் கொடுத்த கணக்கு இது. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், சூடுபட்டால் சோடாவாகவும் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். 84 கிராம் சமையல் சோடாவை முழுதாக வறுத்தால் எத்தனை கிராம் சோடா மிஞ்சும்? வாய்பாடு, சமன்பாடு, மோல் என்று புத்தகம் திறக்காமல் போடுங்கள். 106 வந்தால் சமன்பாட்டில் பிசகு. 53 வர வேண்டும்.