மூச்சை இறைக்காதீர்கள்: குரல்வளை எடுத்தவர்கள் பேசப் பழகும்போது செய்யும் தவறுகள்

புற்றுநோயால் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்பக்கம் ஒரு துளையாகத் தைத்துவிடுவார்கள். இனி மூச்சு போவதும் வருவதும் அந்தத் துளை வழியாகத்தான். நுரையீரல் காற்று வாய்க்கு வர வழி கிடையாது. நாக்கு, உதடு, பல், அண்ணம் எல்லாம் வேலை செய்யும்; ஒலி மட்டும் இருக்காது. அதைத் திரும்பப் பெற மூன்று வழிகள் உண்டு. கழுத்தில் வைத்தால் அதிர்ந்து ஒலி தரும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி ஒன்று. உணவுக்குழாயில் காற்றை ஏற்றி, ஏப்பம்போல வெளியேற்றிப் பேசுவது இன்னொன்று. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் பொருத்தி, நுரையீரல் காற்றை உணவுக்குழாய் வழியே வாய்க்குத் திருப்பும் சிலிகோன் குரல் வால்வு மூன்றாவது. எதைப் பழகினாலும் பெரும்பாலானவர்கள் இடறுவது ஒரே இடத்தில்: பழைய ஞாபகத்தில் மூச்சை அழுத்தித் தள்ளுகிறார்கள்.

துளையில் கேட்கும் 'உஸ்ஸ்'

எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவது பிறவிப் பழக்கம். இப்போது அப்படித் தள்ளும் காற்று வாய்க்கு வராமல் கழுத்துத் துளையில் 'உஸ்ஸ்' என்று சீறும். அந்தச் சீறலில் சொல் அமுங்கிப்போகும். புரியவில்லையே என்று மேலும் தள்ளினால் மேலும் சீறும்.

துளைக்கு நேராக ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்து, ஒன்று முதல் பத்துவரை சொல்லிப் பாருங்கள். கையில் காற்று அடித்தால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். வாயசைப்பை நிதானமாக்கி, மூச்சைச் சும்மா இருக்கும்போது விடுவதுபோல விட்டுப் பழகுங்கள். வால்வு வழியாகப் பேசுபவர்களுக்கு மட்டும் மூச்சு தேவை. அவர்களுக்கும் பலம் தேவையில்லை.

இன்னொரு கெட்ட பழக்கம், கன்னத்தில் காற்றை அடக்கிப் பிதுக்கி வாத்துபோலப் பேசுவது. வேறு குரல் கிடைக்கும்வரை பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஊறிவிட்டால் உணவுக்குழாய்ப் பேச்சைப் பழகும்போது குறுக்கே வந்து நிற்கும். அதற்கு நோட்டில் எழுதிக் காட்டுவதே மேல்.

எலக்ட்ரோலாரிங்ஸ்

கருவியின் வட்ட முகம் தோலில் முழுதாகப் பதிய வேண்டும். ஒரு ஓரம் தூக்கியிருந்தாலும் அதிர்வு வெளியே கசிந்து, பேச்சைவிட 'ர்ர்ர்' சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். எங்கே வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். விரலால் கழுத்தைத் தடவி மெத்தென்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். தாடைக்குக் கீழே, பக்கவாட்டில், சிலருக்குக் கன்னத்தில் கிடைக்கும். அங்கே வைத்து 'ஆ' என்று வாயைத் திறந்தால் ஒலி வாயிலிருந்து வர வேண்டும். இடம் கிடைத்ததும் கண்ணாடி பார்க்காமலே கை அங்கே போகும்வரை பழகுங்கள். ஒரு நாள் வளர்ந்த தாடிகூடப் பிடிப்பைக் கெடுக்கும்.

அறுவைக்குப் பிந்தைய வீக்கமோ கதிர்வீச்சால் வந்த இறுக்கமோ இருந்தால் கழுத்து அதிர்வை உள்ளே விடாது. கருவி பழுது என்று ஒதுக்கிவிடாமல், வாய்க்குழாய் இணைப்பைப் போட்டுப் பாருங்கள். குழாய் நுனி கடைவாய் ஓரமாக மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே, நாக்குக்கு மேலே இருக்க வேண்டும். நாக்கில் முட்டினால் சொல் குழறும். எச்சில் அடைத்தால் ஒலி மங்கும்; எடுத்து உதறித் துடையுங்கள்.

பட்டனை அழுத்தியபடியே இருப்பது அடுத்த தவறு. சொற்றொடர் தொடங்கும்போது அழுத்தி, முடிந்ததும் விட வேண்டும். அந்த இடைவெளிதான் கேட்பவருக்கு முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும். வலக்கைக்காரர்கள் கருவியை இடக்கையில் பிடிக்கப் பழகினால் எழுத, கதவு திறக்க மற்ற கை மிச்சமிருக்கும்.

கருவியின் ஒலி நிற்காமல் ஓடுவதால் வல்லினம் மெலிந்து கேட்கும். 'பட்டு' என்பது 'படு'வாகும், 'பணி' என்பது 'மணி'யாகும். இரட்டை ஒற்று வரும் இடத்தில் நாக்கை ஒரு கணம் கூடுதலாக அழுத்திப் பிடித்து, வாயில் இருக்கும் காற்றையே வெடித்து விடுங்கள். பாட்டு–பாடு, தட்டு–தடு, பத்து–பந்து என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி, வீட்டில் ஒருவரை முதுகைக் காட்டி உட்காரச் செய்து, கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்பவர் உதட்டையும் சேர்த்துப் படித்துவிடுவார். அது சரியான சோதனை ஆகாது.

கருவி பழகினால் மற்ற பேச்சு வராது என்று சிலர் அதைத் தொடவே மாட்டார்கள். தவறான எண்ணம். வால்வு அடைபடும் நாளில் கைகொடுப்பது இதுதான்.

உணவுக்குழாய்ப் பேச்சு

இதில் காற்றை விழுங்கக் கூடாது. விழுங்கினால் வயிற்றுக்குப் போய் உப்புசம்தான் மிஞ்சும். நாக்கால் அழுத்தி உணவுக்குழாயின் மேல்பகுதிவரை மட்டும் அனுப்பி, உடனே திருப்பி எடுக்க வேண்டும். 'பா', 'தா', 'கா' போன்ற வல்லின எழுத்துகளில் தொடங்கினால் அந்த எழுத்தின் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளிவிடும். உயிரெழுத்தில் தொடங்குவது கடினம். அங்கே ஏறுவது சுமார் 60 முதல் 80 மில்லிலிட்டர் காற்றுதான். ஆகவே ஒருமுறை ஏற்றிய காற்றில் நீள வாக்கியம் எதிர்பார்க்காதீர்கள். நான்கைந்து அசை போதும். ஒரு மணி நேரம் விடாமல் பயிற்சி செய்வதைவிட, ஐந்து பத்து நிமிடங்களாக நாளைக்குப் பல முறை செய்வது நல்லது. களைத்த தொண்டை இறுகிக்கொள்ளும். தேற மாதக் கணக்காகும்.

குரல் வால்வு

சிங்கர், ப்ளோம் என்ற இருவர் 1980இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. மூச்சை இழுத்து, கழுத்துத் துளையை விரலால் மூடி, பேசி, விரலை எடுக்க வேண்டும். பேச ஆரம்பித்தபின் மூடினால் முதல் சொல் காற்றோடு போய்விடும். பலமாக அழுத்தினால் பின்சுவர் நசுங்கிக் குரல் நெரிபடும், சில சமயம் வரவே வராது. கசிவு இல்லாத அளவுக்கு மூடினால் போதும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதற்கென்று தரும் பிரஷை நனைத்து, நீரை உதறி, வால்வுக்குள் விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும். காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்பும். உதறாமல் விட்டால் நீர் மூச்சுக்குழாயில் இறங்கி இருமல் வரும். பஞ்சுக் குச்சியோ ஊக்கோ வேண்டாம்.

தண்ணீர் குடித்ததும் இருமினால், சிலர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதைவிட, நிறமுள்ள பானம் ஒரு மடக்கு குடித்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். வால்வின் நடுவே கசிந்தால் முதலில் பிரஷ் போடுங்கள். நிற்காவிட்டால் பூஞ்சை படிந்தோ தேய்ந்தோ மாற்றும் காலம் வந்திருக்கும். சுற்றிலும் கசிந்தால் அளவில் சிக்கல். மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

வால்வு கழன்று விழுந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். நடுச்சுவரில் வால்வு இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். பயிற்சி தரப்பட்டிருந்தால் கைவசம் உள்ள ரப்பர் குழாயை அந்தத் துளையில் செருகிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்த வால்வையும் எடுத்துப் போங்கள். அது கையில் கிடைக்கவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று எண்ணி உடனே சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவைக்காதீர்கள். டிவியை நிறுத்துங்கள், முகத்தைப் பாருங்கள். புரியாத இடத்தை மட்டும் கேளுங்கள். முழுவதையும் திரும்பச் சொல்லச் சொன்னால் அவர் மறுபடி மூச்சைத் தள்ள ஆரம்பிப்பார். போனில் பேசும்போது அதை வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும், கழுத்துத் துளையருகே கொண்டுபோகக் கூடாது. அவசரத்தில் ஆக்ஸிஜனைக் கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

நன்றாக இருந்த குரல் திடீரென்று இறுகினாலோ நின்றாலோ பயிற்சியைக் கூட்டுவது தவறு. முதலில் வால்வைச் சுத்தம் செய்யுங்கள், விரல் அழுத்தத்தைக் குறையுங்கள். அப்படியும் சரியாகாமல் விழுங்குவதும் சிரமமானால், அல்லது கழுத்தில் புதிதாகக் கட்டி தெரிந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.