.கிட்இக்னோர்: எழுதி வைத்தும் கிட் ஏன் கேட்கவில்லை?

கிட் என்பது நிரல் ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி. அது கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்தான் .கிட்இக்னோர். நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் மென்பொருள்) புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வெளியிலிருந்து இறக்கிய நிரல்கள் உள்ள நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்கும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள .என்வ் ஃபைலும் இருக்கும். முன்னதை யாரும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பின்னது வெளியே போகவே கூடாது. (கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

1. .கிட் ஃபோல்டர் இருக்கும் அதே இடத்தில் .கிட்இக்னோர் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்கள். நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள்.

2. உள்ளே வரிக்கு ஒன்றாக:

நோட்_மாட்யூல்ஸ்/
.என்வ்
*.லாக்
/பில்டு/

கடைசியில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டர் மட்டும். முதலிலும் சாய்கோடு இருந்தால் மேல்மட்டத்தில் உள்ளது மட்டும். உள்ளே வேறெங்காவது பில்டு ஃபோல்டர் இருந்தால் அதைத் தொடாது. # போட்டுக் குறிப்பு எழுதலாம், ஆனால் தனி வரியில். '*.லாக் # லாக் ஃபைல்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் அந்த வரி முழுவதையும் கிட் ஃபைல் பெயராகவே எடுத்துக்கொள்ளும், விதி வேலை செய்யாது.

ஒதுக்கியவற்றில் ஒன்றை மட்டும் ஒதுக்காமல் விட, அதன் முன்னால் ஆச்சரியக்குறி. இங்கே பலர் சறுக்குவார்கள். 'டேட்டா/' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வரியில் '!டேட்டா/மாதிரி.சிஎஸ்வி' என்றால் பலிக்காது. ஃபோல்டரையே ஒதுக்கிவிட்டதால் கிட் அதற்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் வரியை 'டேட்டா/*' என்று மாற்றுங்கள். அப்போது ஃபோல்டரை அல்ல, உள்ளே இருப்பவற்றைத்தான் ஒதுக்கும்.

3. கிட் ஸ்டேட்டஸ் அடித்துப் பாருங்கள். .என்வ் ஃபைல் இன்னும் 'மாடிஃபைடு' என்று வருகிறதா? அப்படியானால் அது ஏற்கெனவே கமிட் ஆகிவிட்டது, அதாவது கிட்டின் வரலாற்றில் பதிவாகிவிட்டது. கிட் இதுவரை கண்காணிக்காத ஃபைல்களுக்குத்தான் .கிட்இக்னோர் பொருந்தும். உள்ளே போனதை வெளியே எடுக்க:

கிட் ஆர்எம் --கேச்டு .என்வ்

பிறகு கமிட். உங்கள் கணினியில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் உடன் வேலை செய்பவர்கள் இந்த கமிட்டை புல் செய்தால் (தங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டால்) அவர்களிடம் அது அழிந்துவிடும். முன்னதாகவே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய கமிட்களில் பாஸ்வேர்டு இருக்கத்தான் செய்யும். புஷ் ஆகியிருந்தால் (சர்வருக்குப் போயிருந்தால்) முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது.

4. எந்த விதி ஒதுக்குகிறது என்று குழப்பமா?

கிட் செக்-இக்னோர் -வி டீபக்.லாக்

விதி இருக்கும் ஃபைல், வரி எண், விதி மூன்றையும் காட்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் பொருந்தும் விதி இல்லை, அல்லது அந்த ஃபைல் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கிறது. 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் டீபக்.லாக்' அடித்தால் எது என்று தெரிந்துவிடும்: பெயர் வந்தால் கண்காணிப்பில் இருக்கிறது.

மேக் உருவாக்கும் .டிஎஸ்_ஸ்டோர் போன்றவை உங்கள் கணினியின் சொந்தக் குப்பை. அவற்றை எல்லாருக்குமான ஃபைலில் திணிக்காமல், ஹோம் ஃபோல்டருக்குள் .கான்ஃபிக்/கிட்/இக்னோர் ஃபைலில் எழுதினால் உங்கள் எல்லா ரெப்போக்களுக்கும் (கிட் புராஜெக்ட்களுக்கும்) பொருந்தும்.