சீருடையில் கறை பட்டால் பானைத் தண்ணீர்

பள்ளியில் பிள்ளையின் சீருடையில் மாதவிடாய்க் கறை பட்டுவிட்டால் குழாயடிக்கு அனுப்பாதீர்கள், பானைத் தண்ணீரில் உடனே அலசுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோடையில் மதியத்துக்குள் மாடித் தொட்டித் தண்ணீர் கைசுடும். சூடு பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து நூலில் பிடித்துக்கொள்ளும், பிறகு சோப்புக்கும் மசியாது. வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீரை ஊற்றினால் கறை ஊறி வந்த வழியே போகும். அலசும் நேரத்துக்கு உடுத்த ஒரு மாற்றுப் பேண்டும் நாப்கினும் ஆசிரியை அறையில் எப்போதும் இருக்கட்டும். ஈரத்துணியோடு பிள்ளையை உட்கார வைக்கவே கூடாது.

காய்ந்த கறைக்கு இது போதாது. லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி உப்பு கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுச் சோப்புப் போடுங்கள். கறை முழுக்கப் போகாமல் இஸ்திரி வேண்டாம். பிளீச்சிங் பவுடர் சீருடையின் நிறத்தையே எடுத்துவிடும்.